சாயம்தானே, தம்பி?

“சாயம்தானே, தம்பி?” என்று அவர் கேட்டார். “ஆமாம் ஐயா, கலர்தான்” என்றேன். இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பதில் பொய்யா இல்லையா என்று இன்னும் எனக்குள் தீர்ப்பாகவில்லை.

எங்கள் தோல் பட்டறையில் எல்லாவற்றுக்கும் கலர் என்றுதான் பெயர். ஸ்பிரிட் சாயமும் கலர், தண்ணீர்ச் சாயமும் கலர், அக்ரிலிக் பெயிண்டும் கலர். பெல்ட்டில் ஒரு பூ வெட்டி நிறம் கொடுத்தால், எந்த டப்பாவைத் திறந்தாய் என்று வாங்குகிறவர் யாரும் கேட்டதில்லை. வாய்ப்பழக்கத்தில் வந்த பதில் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அவர் சாயமா என்றுதான் கேட்டார். வித்தியாசம் தெரிந்தவர் கேட்ட கேள்வி. வித்தியாசம் தெரிந்தேதான் நானும் பதில் சொன்னேன்.

அவர் தோல்பாவைக் கூத்துக்காரர். கொண்டுவந்தது அசோகவனத்துச் சீதை. தலையில் சூடாமணி, அனுமனிடம் கழற்றிக் கொடுக்கிறாளே, அதே சூடாமணி. அதன் நடுவில் குன்றிமணி அளவுக்கு ஒரு கல். அந்தக் கல்லின் சிவப்பு வெளிறிப்போயிருந்தது. கை நடுங்குகிறது, அந்த ஒரு கல்லுக்கு மட்டும் நீ சிவப்பு வைத்துக் கொடு என்றார். சோதித்துப் பார்ப்பதற்கு அதே ஆட்டுத்தோலில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றும் தந்தார்.

நான் பழகியது மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல். அது சாயத்தைக் குடிக்கும். கத்தியால் கீறிய கோடு வரப்பு மாதிரி நிற்கும், சாயம் அதைச் சுலபத்தில் தாண்டாது. தூரிகையைத் துணியில் நன்றாக ஒற்றிவிட்டு, ஈரம் இருக்கிறதா இல்லையா என்கிற நுனியால் நடுவில் தொட்டால் போதும். ஓரத்தில் மயிரிழை இடம் விட வேண்டும், அந்த இடத்தைச் சாயமே ஊர்ந்துபோய் நிரப்பிக்கொள்ளும். பதனிடாமல் சுரண்டி மெலிதாக்கிய பாவைத்தோல் வேறு குணம். கல்லைச் சுற்றி உளியால் குத்திய பொடித் துளைகள். துண்டிலும் அதேபோல் ஏழெட்டுத் துளை குத்தி ஸ்பிரிட் சாயத்தை வைத்துப் பார்த்தேன். துளை வழியே இறங்கி மறுபக்கம் வளையமாக ஊறியது. தண்ணீர்ச் சாயம் வைத்த இடத்தில் தோல் நெகிழ்ந்து சுருண்டது. ஆடிச் சாரல் வேறு, எதுவும் சீக்கிரம் காயவில்லை. விடிந்தால் அவர் வந்துவிடுவார்.

அக்ரிலிக் ஓடாது, வைத்த இடத்தில் நிற்கும். இருப்பதிலேயே மெல்லிய தூரிகையால் மூன்று பூச்சு வைத்தேன். மேசையில் பார்க்கும்போது வடசேரியில் செய்கிற கோயில் நகையில் பதித்த சிவப்புக்கல் போலவே இருந்தது. பெருமையோடுதான் அவரிடம் நீட்டினேன். அப்போதுதான் கேட்டார்.

என் பதிலைக் கேட்டுக்கொண்டே பாவையைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். சேலை பச்சையாக ஒளிர்ந்தது. வளையலின் துளைகள் பொட்டுப்பொட்டாக மின்னின. சூடாமணிக் கல் மட்டும் கறுப்பு. பெயிண்ட் தோலின் மேல் படலமாகப் படிந்து வெளிச்சத்தை மறித்துவிட்டது. சாயமாக இருந்தால் தோலுக்குள் ஊறி வெளிச்சத்தை விட்டிருக்கும். கூத்தில் விளக்கு பாவைக்குப் பின்னால் அல்லவா எரிகிறது? சிறுவயதில் கூத்துக் கோமாளிகள் உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவன் நான். எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

துடைத்து எடுத்துவிடுகிறேன் என்றேன். ஸ்பிரிட் பட்டால் பக்கத்தில் இருக்கும் பழைய சாயமும் கரையும் என்று இருவருக்கும் தெரியும். “இருக்கட்டும் தம்பி. மேசையில் வைத்துப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது” என்றார். பேசிய கூலியை எண்ணி வைத்தார். வேண்டாம் என்று சொன்னேன். பிறகு வாங்கிக்கொண்டேன்.

அந்த வார்த்தை ஆறுதலா, குத்தலா? அவர் குரலை எத்தனையோ முறை நினைவில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். குத்திப் பேசுகிற மனிதர் இல்லை. அப்படியானால் ஆறுதல். ஆறுதல் சொல்கிறவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டாரா? அவர் பாவையைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

அன்று மாலை மீதித் துண்டை எடுத்தேன். குண்டூசி முனையில் ஸ்பிரிட் சாயத்தைத் தொட்டு ஒரு புள்ளி. அது காய்ந்தபின் அடுத்த புள்ளி. ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரு துளைக்குள்ளும் இறங்கவில்லை. விளக்குக்கு நேராகப் பிடித்தால் மாதுளை முத்து. நேரம் இல்லாமல்தான் அக்ரிலிக்கை எடுத்தேன் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஒன்றரை மணி நேரம்கூடவா இல்லை?

இதில் நான் கற்றது என்ன என்று கேட்டால் தெளிவாகச் சொல்ல வரவில்லை. பெல்ட்டையும் பர்ஸையும் யாரும் விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பதில்லை. பெல்ட் பூவுக்கு இன்றும் அக்ரிலிக்தான் வைக்கிறேன், அந்த வேலைக்கு அதுதான் சரி என்று யாரிடமும் வாதாடுவேன். ஒரே ஒரு மாற்றம்: கேட்காதவரிடமும் இது பெயிண்ட், சாயம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டு ஒருவர் வாங்காமலே போனார். அவர் போன பிறகு, எதற்குச் சொன்னோம் என்று இருந்தது.

போன மாசியில் ஒரு கோயில் கொடைக்கு அவருடைய கூத்து வந்தது. சுந்தர காண்டம் நடக்கும் இரவு போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். சீதை திரைக்கு வந்தாள். தலையில் கறுப்பைத் தேடினேன். கல் இருந்த இடத்தில் வெள்ளை வெளிச்சம். என் பூச்சோடு அந்தத் தோலையே உளியால் வெட்டி எடுத்திருந்தார். பொடித் துளைகளுக்கு நடுவே ஒரு பெரிய துளை, விளக்கே நேராகத் தெரிந்தது. எனக்கு முன்னால் இருந்த சிறுமி, “பாட்டி, கல் மின்னுகிறது பாருங்கள்” என்றாள். உண்மையாகவே மின்னியது. சாயம் வைத்திருந்தால் இவ்வளவு மின்னியிருக்காது.

கூத்து முடிந்ததும் திரைக்குப் பின்னால் போய் அவரைப் பார்க்கத்தான் எழுந்தேன். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.