மூங்கில் பாடும் கோவில்

இந்த ஒரு கோவிலுக்காகவே பிலிப்பைன்ஸின் தலைநகர் மணிலாவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினேன். நகரத்துக்குத் தெற்கே, லாஸ் பின்யாஸில் இருக்கும் புனித சூசையப்பர் கோவில். அங்கே மூங்கிலால் செய்த பைப் ஆர்கன், அதாவது குழாய்களுக்குள் காற்றைச் செலுத்தி வாசிக்கிற பெரிய வாத்தியம், இருக்கிறது என்று எப்போதோ படித்ததிலிருந்து மனசில் கிடந்த ஆசை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் உப்பு விளைவித்தும் மீன் பிடித்தும் பிழைத்த கடலோரக் கிராமம் இது. இப்போது மணிலா பெருநகரம் அதை அப்படியே விழுங்கிவிட்டது. ஜீப்னி என்கிற அந்த ஊர் மினிபஸ் என்னை இறக்கிவிட்ட சாலைக்கு டியேகோ செரா என்று பெயர். ஆர்கனைக் கட்டிய பாதிரியாரின் பெயர்தான்.

உள்ளே நுழைந்ததும் வெக்கை குறைந்தது. நிமிர்ந்து பார்த்தால் கூரையிலும் மூங்கில். ஆர்கனைத் தேடிப் பீடத்துப் பக்கம் போய்விட்டேன். அது வாசலுக்கு மேலே, பாடகர் மாடத்தில் இருக்கிறது. சுற்றிக் காட்டிய இளைஞர் சிரித்துக்கொண்டே படியைக் காட்டினார்.

கிட்டத்தில் போய்ப் பார்த்தபோதுதான் நம்ப முடிந்தது. ஒவ்வொரு குழாயிலும் கணு தெரிகிறது! தேன் நிறத்தில் பழுத்த மூங்கில். அடிப்பக்கத்தில் விசிலுக்கு வெட்டுவதுபோல ஒரு வாய். காற்று அந்த விளிம்பில் மோதினால் குழல் பேசும்; மூங்கிலானாலும் உலோகமானாலும் ஆர்கனில் அதுதான் அடிப்படை. மொத்தம் 1,031 குழாய்கள். அதில் 902 மூங்கில், மீதி 129 உலோகம்.

டியேகோ செரா ஸ்பெயினிலிருந்து வந்த அகஸ்தீன் சபைத் துறவி, இந்தப் பங்கின் முதல் பங்குத் தந்தை. 1816-இல் வேலையைத் தொடங்கினார். வெட்டிய மூங்கிலை முதலில் கடற்கரை மணலில் புதைத்துவைத்தாராம். பூச்சி அரிக்கிறதை அரிக்கட்டும், தாக்குப்பிடித்து வருவதை வைத்துக் கட்டலாம் என்ற கணக்கு. அந்தப் பொறுமைதான் என்னை அசத்திவிட்டது. 1821-இல் ஆர்கன் வாசிக்கிற நிலைக்கு வந்துவிட்டது, ஆனால் எக்காளம் மாதிரி ஒலிக்கிற டிரம்பெட் குழாய்கள் இல்லை. அந்தக் கணீர் ஓசையை மூங்கிலில் கொண்டுவர முடியவில்லை. கடைசியில் அவற்றை உலோகத்தில் செய்து 1824-இல் முடித்தார். இன்றைக்கும் அவை பீரங்கி மாதிரி கோவிலுக்குள் கிடையாக நீட்டிக்கொண்டிருக்கின்றன.

சரி, சத்தம் எப்படி இருக்கும்? இளைஞர் உட்கார்ந்து முதலில் மூங்கிலை மட்டும் ஒலிக்கவிட்டார். ஒலி பிறக்கும் முன் ஒரு சின்ன மூச்சு கேட்கிறது, புல்லாங்குழல்காரர் உதட்டில் வைத்து ஊதத் தொடங்குவதுபோல. அப்புறம் உருண்டையாக, மெதுவாக, மரத்தின் வாசனையோடு வருகிற மாதிரி ஒரு நாதம். பெரிய ஐரோப்பிய ஆர்கன்களில் நெஞ்சை அழுத்துகிற கனம் இதில் இல்லை. எனக்கு இதுதான் பிடித்திருந்தது. விரலால் அழுத்தி வாசிக்கிற கட்டைகள் ஒரே வரிசைதான். ஆனால் ஸ்பானிய வழக்கப்படி அதை இடம், வலம் என்று பிரித்திருக்கிறார்கள். இடது கைக்கு ஒரு குரலும் வலது கைக்கு வேறொரு குரலும் வைத்துக்கொள்ளலாம். பறவை ஒலிக்கென்று ஒரு விசையும் உண்டு. அதை இழுத்ததும் மாடம் முழுக்கக் குருவிச் சத்தம். என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

நிலநடுக்கமும் புயலும் இந்த ஆர்கனைப் படாதபாடு படுத்தியிருக்கின்றன. 1973-இல் மொத்தத்தையும் பிரித்து ஜெர்மனியின் பான் நகருக்கு, க்ளைஸ் என்ற ஆர்கன் பட்டறைக்குப் பழுதுபார்க்க அனுப்பினார்கள். குளிர்நாட்டுக் காற்றில் மூங்கில் வெடித்துவிடும் இல்லையா? அதனால் அங்கே ஒரு அறைக்குள் பிலிப்பைன்ஸின் சூட்டையும் ஈரத்தையும் உண்டாக்கி, அதற்குள் வைத்து வேலை பார்த்திருக்கிறார்கள். அந்த அறையை நினைத்துப் பார்க்கவே எனக்கு ஆசையாக இருக்கிறது: வெளியே ஜெர்மனியின் பனிக்காலம், உள்ளே வியர்க்க வியர்க்க வேலை. 1975-இல் ஆர்கன் ஊர் திரும்பியது. இப்போது லாஸ் பின்யாஸிலேயே செராவின் பெயரில் ஆர்கன் கட்டும் பட்டறை நடக்கிறது. பழுதென்றால் கடல் தாண்ட வேண்டியதில்லை.

1976 முதல் பிப்ரவரியில் மூங்கில் ஆர்கன் விழா நடக்கிறது. நான் போனது விழா இல்லாத ஒரு சாதாரண நாள். கீழே இறங்கும்போது மாலைப் பூசைக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். நானும் கடைசி பெஞ்சில், மாடத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துவிட்டேன். முதல் பாட்டுக்கு முன்னால் அந்தச் சின்ன மூச்சு மறுபடியும் கேட்டது.