வயலின் கற்க வருகிறீர்களா? முதலில் உட்காரப் பழகுங்கள்

காரைக்குடியில் நான் வயலின் கற்ற வாத்தியார், புதிதாகச் சேருபவர்கள் கையில் முதல் சில வாரங்களுக்கு வில்லையே தரமாட்டார். உட்கார், வயலினை வை, இடது கையை எடு. இவ்வளவுதான் பாடம். இடது கையை முழுசாக எடுத்த பிறகும் வயலின் அப்படியே நிற்க வேண்டும். நின்றால்தான் சரளி வரிசை என்கிற முதல் ஸ்வரப் பயிற்சி. அந்த நாட்களில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போது யார் யோசனை கேட்டாலும் நானும் அதையேதான் சொல்கிறேன்.

காரணம் நம் சங்கீதத்திலேயே இருக்கிறது. ஜாரு, கம்பிதம் என்ற ஸ்வர அசைவுகள் எல்லாம் விரல் கம்பியின் மேல் வழுக்கிப் போய் வருவதால் பிறப்பவை. வயலினைத் தாங்கும் வேலையும் அந்தக் கைக்கே விழுந்தால், மேல் ஷட்ஜத்துக்கு (மேல் ‘ச’) போகும் வழியிலேயே கட்டைவிரல் இறுகி நின்றுவிடும். மேற்கத்திய வாசிப்பில் தாடையும் தோளும் இந்தச் சுமையை ஏற்கின்றன. அதற்கான தாடைக்கட்டையே 1820 வாக்கில் லூயி ஷ்போர் என்ற ஜெர்மானிய வயலின் கலைஞர் கொண்டுவந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதில் நம் சங்கீதத்தை வாசித்தார். கருவி அங்கிருந்து வந்தது; சம்மணமிட்டு வாசிப்பது நம் வழக்கம். இதில் சுமையை ஏற்பவை இரண்டு இடங்கள்: ஒன்று இடது தோளுக்குக் கீழே நெஞ்சு, இன்னொன்று வலது பாதம்.

சம்மணம் போட்டு, வலது காலைக் கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள். வயலினின் தலைச்சுருள் அந்தக் கணுக்காலை ஒட்டி அமர வேண்டும். அகன்ற அடிப்பாகம் காறை எலும்புக்குக் கீழே நெஞ்சில் சாய வேண்டும். முதுகு நிமிர்ந்திருக்கட்டும். வயலினை நோக்கி நாம் குனியக் கூடாது. அதுதான் நம்மிடம் வர வேண்டும். இடது தோள் காதை நோக்கி ஏறுகிறதா என்று அடிக்கடி பாருங்கள். சாயங்காலம் கழுத்து வலித்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நம் ஊர் வீடுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில் வெறும் தரையில் உட்கார்ந்தால் குளுகுளுவென்றுதான் இருக்கும். ஆனால் குதிகால் மெல்ல மெல்ல வழுக்கி முன்னால் போகும், கூடவே வயலினும் இறங்கும். ஜமுக்காளம் விரித்துக்கொள்ளுங்கள். கால் மரத்துப்போகிறவர்கள் இடுப்புக்குக் கீழே ஒரு போர்வையை மடித்து வைத்தால் முழங்கால் தாழும், வலி குறையும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்துவிட்டு வரலாம். "சாப்பிட உக்காந்த புள்ள மாதிரி உக்காந்திருக்க, வாசிக்கிற சத்தத்தையே காணோமே" என்பார் என் அப்பத்தா. சிரித்துவிட்டு உட்கார்ந்திருங்கள்.

இடது கைக்கு வருவோம். தட்டை ஏந்துவதுபோல் உள்ளங்கையைக் கழுத்துப்பகுதிக்கு அடியில் கொடுப்பதுதான் எல்லாருக்கும் முதலில் வரும் பழக்கம். மணிக்கட்டு நேராக இருக்கட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் கழுத்து அமுங்கக் கூடாது, சிறு இடைவெளி தெரிய வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். விரல் வழுக்க ஒரு பொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. அந்த எண்ணெய் வில்லின் முடியில் பட்டால் முடி கம்பியைப் பிடிக்காது, கவனம்.

வில்லைப் பற்றி ஓரளவுக்குத்தான் எழுத்தில் சொல்ல முடியும். மீதியை வாத்தியார்தான் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். கட்டைவிரல் வளைந்திருக்க வேண்டும், சுண்டுவிரல் நுனி வில்லின் மேல் நிற்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் நாதம் கீச்சிடும். அடியிலிருந்து நுனிவரை இழுக்கும்போது வில் குதிரைக்கு, அதாவது கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டுக்கு, இணையாகவே போக வேண்டும். இதற்குக் கண்ணாடி அவசியம். எங்கள் வீட்டு பெல்ஜியம் கண்ணாடி பெருமையாக உயரத்தில் சாய்ந்து தொங்குகிறது, அதில் தரையில் இருப்பவர் தலை மட்டும்தான் தெரியும். கடையில் ஒரு சாதாரணக் கண்ணாடி வாங்கிச் சுவரோரம் தரையில் சாய்த்து வையுங்கள். ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்த வெறும் கம்பிகளில் நீள வில் இழுத்தபடி அதைப் பார்த்தாலே வில் கோணுவது தெரிந்துவிடும்.

பக்கத்து ஊரான குன்றக்குடியில் 1935-இல் பிறந்த வயலின் வித்வான் வைத்தியநாதனின் காணொளிகளைப் பார்த்துவிட்டு வில்லைத் துள்ளவைக்கத் துடிக்கும் பிள்ளைகள் இங்கே நிறைய. பார்க்கட்டும். ஆனால் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை அவருடைய இடது முழங்கையை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.

எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காரைக்குடி வீணை சகோதரர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்தார். தம்பி சாம்பசிவ ஐயர் வழக்கம்போல் கிடையாக வைத்து வாசித்தார். ஒரே மேடையில் சேர்ந்து வாசித்தவர்களுக்கே இருக்கை வேறு. ஆகவே உங்கள் வாத்தியார் தலைச்சுருளை நான் சொன்ன இடத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி வைக்கச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். இடது கையை எடுத்துப் பார்க்கும் சோதனையை மட்டும் விடாதீர்கள்.

தேர்வோ, கோயில் நவராத்திரிக் கச்சேரியோ வந்தால் அன்றைக்கு உடுத்தப் போவதை முன்கூட்டியே ஒருநாள் உடுத்திக்கொண்டு வாசித்துப் பாருங்கள். சுடிதாரில் அசையாமல் நின்ற வயலின் பட்டுப்புடவையில் வழுக்கும், பட்டுச் சட்டையிலும் அப்படித்தான். நெஞ்சில் ஒரு பருத்திக் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, புடவைக் கொசுவத்தைக் கணுக்காலிலிருந்து விலக்கிவிட்டால் போதும்.

சிறு பிள்ளைகளுக்கு வயலின் வாங்கும்போது "வளர்ற புள்ளதானே" என்று முழு அளவில் வாங்காதீர்கள். இடது கையை நீட்டித் தலைச்சுருளை உள்ளங்கையால் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்க வேண்டும். மடங்காமல் விறைத்து நின்றால் முக்கால் அளவோ அரை அளவோதான் சரி.