முக்கால் கேன்

"ஏனுங்க தம்பி, அந்தச் செவப்புக்கு என்ன அர்த்தம்?"

"கணக்குல வித்தியாசம் இருக்குன்னு அர்த்தம்ண்ணே. வேற ஒண்ணுமில்லீங்க."

"எங்க சென்டர்த் தராசெல்லாம் கிலோவுலதானுங்க காட்டும். சீட்டுலதான் லிட்டர் வருது."

"தெரியும்ண்ணே."

ஊர்ப் பாலைச் சேர்த்துக் குளிரூட்டும் நிலையமான பி.எம்.சி.யின் பொறுப்பாளர் ஒருவரோடு போனில் நடந்த பேச்சு இவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட இருக்காது. என் முதல் பதில் உண்மை. இரண்டாவதும் உண்மை என்றுதான் அன்று நினைத்தேன். தராசு கிலோவில் நிறுக்கும் என்பது தெரியும். அந்தக் கிலோவை லிட்டராக மாற்றும் எண் எது, அது எங்கே இருக்கிறது என்பது தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. தன் கையில் இருந்த ஒரே துப்பை எடுத்துக் கொடுத்தார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

அவருடைய ரூட்டில் அந்த மாதம் முழுக்க ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே பால் குறைவு என்று, நாங்கள் டெய்ரிக்காக அமைத்த கணக்குத் திரை சிவப்பில் காட்டிக்கொண்டிருந்தது. நாளொன்றுக்கு 29 லிட்டர். 40 லிட்டர் கேனில் முக்கால் கேன் அளவு. கொள்முதல் கூட்டத்தில் ஒருவர் அதை அப்படித்தான் கேட்டார்: "தினமும் முக்கால் கேன் எங்கய்யா போகுது?" சதவீதமாக இருந்தவரை அது வெறும் வித்தியாசம். கேன் ஆனதும் அதைத் தூக்கிக்கொண்டு போன ஆள் யார் என்ற கேள்வி வந்துவிட்டது.

பால் கணக்கு வரும் வழிகள் இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரிந்தவைதான். ஊர் சென்டரில் தராசும் பாலைச் சோதிக்கும் கருவியும் ஒரு டேட்டா பாக்ஸோடு இணைந்திருக்கும். உறுப்பினர் ஒருவர் ஒரு தடவை ஊற்றினால் ஒரு வரி. பி.எம்.சி. தொட்டியில் அளவுகோல் விட்டுப் பார்த்த லிட்டர் நோட்டில் எழுதப்பட்டு, பிறகு எக்செல்லில் ஏறும். டேங்கருக்கு ட்ரிப் ஷீட். டெய்ரி வாசலில் எடைமேடை: பாலோடு வண்டி எடை, அதில் காலி வண்டி எடை போக மீதி, கிலோவில். லேப் முடிவுகள் இன்னொரு மென்பொருளில். பணப் பட்டுவாடா 10 நாளுக்கு ஒருமுறை, டேலி என்ற கணக்கு மென்பொருளில். இத்தனையையும் இரவில் ஒரே டேட்டாபேஸில் இறக்கி, காலையில் பவர் பி.ஐ. திரையில் ரூட்வாரியாகக் காட்ட வேண்டும். 0.5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் சிவப்பு.

ஒன்று லிட்டரில் வருகிறது, மற்றொன்று கிலோவில் வருகிறது. ஒப்பிட வேண்டுமானால் ஒரு பக்கத்தை மாற்றியாக வேண்டும். ஒரு லிட்டர் பால் சுமார் 1.03 கிலோ. எனவே சென்டர்களின் லிட்டரை 1.03 ஆல் பெருக்கினால் வந்து சேர வேண்டிய கிலோ. அதிலிருந்து எடைமேடைக் கிலோவைக் கழித்தால் குறைவு. ஒற்றை வரிச் சூத்திரம். அதைப் பற்றி யாரும் இரண்டு நிமிடம் பேசியதாக நினைவில்லை.

ஆனால் சென்டர் கோப்பில் வருகிற லிட்டர் அளந்த லிட்டர் அல்ல. தராசு நிறுப்பது கிலோ. பாக்ஸ் அதை ஓர் எண்ணால் வகுத்து, லிட்டர் என்று சீட்டில் அச்சிட்டு, அதையே சர்வருக்கும் அனுப்புகிறது. கிலோ எங்கும் பதிவாவதில்லை. தராசின் முகப்பில் தெரிந்து மறைந்துவிடுகிறது. வகுக்கும் எண் பாக்ஸின் மெனுவில், கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. பிறகு வாங்கிய பாக்ஸ்களில் 1.03 என்று வைத்திருந்தார்கள். முதல் தவணையில் வாங்கியவற்றில் 1.02. அந்த 1.02 ஆல் வகுபட்டு வந்த லிட்டரை நாங்கள் 1.03 ஆல் பெருக்கினோம். ஒவ்வொரு கிலோவும் 1.0098 கிலோவாக ஊதியது.

ஒரு நாள் கணக்கைப் பார்த்தால் புரியும். அவருடைய ரூட்டின் ஒன்பது ஊர்களும் சேர்ந்து 2,840 லிட்டர் என்று வந்தது. பழைய பாக்ஸின் எண்ணோடு பெருக்கினால் உண்மையில் நிறுத்த எடை 2,896.8 கிலோ. எங்கள் சூத்திரம் எதிர்பார்த்தது 2,925.2. எடைமேடை காட்டியது 2,895. நிஜக் குறைவு 1.8 கிலோ, தொட்டியின் அடியிலும் ஹோஸிலும் ஒட்டுகிற அளவு. திரை காட்டிய குறைவு 30.2 கிலோ.

ஏன் அவர் ஒருவர் மட்டும் சிக்கினார் என்றால், அவருக்குக் கீழே இருந்த ஒன்பது சென்டரிலும் பழைய பாக்ஸ். கூடவே, அந்த டேங்கர் அவருடைய பி.எம்.சி.க்கு மட்டும் போய்த் திரும்பும் வண்டி. மற்ற ரூட்டுகளிலும் பழைய பாக்ஸ்கள் இருந்தன. ஆனால் நாலில் ஒரு பங்கு பால் பழைய பாக்ஸ் வழியாக வந்தால் பிழை கால் சதவீதத்துக்குள் கரைந்துவிடும். பச்சையிலேயே இருக்கும். பிழை எங்கும் இருந்தது. முழுசாகத் தெரிந்தது ஒரே இடத்தில்.

எங்கள் தரப்பில் சொல்லிக்கொள்ள நியாயம் உண்டு. கோப்பின் விவரத் தாளில் "அளவு, லிட்டர், இரண்டு தசமம்" என்றுதான் இருந்தது. அந்த வாரங்களில் கத்திக்கொண்டு முன்னால் நின்ற பிழைகளும் வேறு. பாக்ஸ்கள் அனுப்புவதை வாங்கும் சர்வர் நேரத்தை யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் எழுதும், நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னே. காலை 5.30க்கு முன்னால் ஊற்றிய பாலெல்லாம் முந்தைய நாள் தேதியில் போய் விழுந்தது. சிக்னல் இல்லாத ஊர்களின் பாக்ஸ் ஒரே கோப்பை இரண்டு தடவை அனுப்பும். இரட்டிப்பை நீக்க உறுப்பினர் எண், தேதி, வேளை மூன்றையும் அடையாளச் சாவியாக வைத்தால், பசும்பாலும் எருமைப்பாலும் தனித்தனியாக ஊற்றுகிறவரின் ஒரு வரி அழிந்துபோகும். பால் வகையையும் சாவியில் சேர்த்த பிறகுதான் அது நின்றது.

ஊர்ப் பெயர்கள் இன்னொரு பாடு. 'கோ' என்ற எழுத்தின் துணைக்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒரே ஊர், கோப்புகளை இணைக்கும் கணினிக்கு இரண்டு ஊர். எல்லாவற்றையும் என்.எஃப்.சி. என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவந்தால் அது தீரும். புதுப்பாளையம் என்று நாலைந்து ஊர் இருக்கும்போது அதுவும் போதாது. கடைசியில் சென்டர் எண்ணை வைத்துத்தான் இணைக்க வேண்டியிருந்தது. எஸ்.என்.எஃப். எனப்படும், பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருளின் கணக்கில் ஊருக்கொரு சூத்திரம். ஃபேட் 4.0, பால்மானி காட்டும் டிகிரி 28 உள்ள ஒரே பால் ஒரு சூத்திரத்தில் 8.20, இன்னொன்றில் 8.44. பசும்பாலுக்கு விதி கேட்கும் 8.3 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. லேபும் சென்டரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட இது போதும்.

இவையெல்லாம் தெரியும்படி உடைபவை. காலி வரி வரும், மொத்தம் இரட்டிக்கும், யாராவது போன் செய்வார்கள். 1.02 அப்படி உடையவில்லை. ஒரு வரிகூட நிராகரிக்கப்படவில்லை. எல்லாச் சோதனையையும் தாண்டி, நம்பத்தகுந்த ஓர் எண்ணாகத் திரைக்கு வந்தது. பத்து சதவீதம் என்று காட்டியிருந்தால் அன்றே சூத்திரத்தைத் திறந்து பார்த்திருப்போம். ஒரு சதவீதம் என்பது திருட்டின் அளவு.

இந்த நியாயத்தை இங்கே வரை எழுத முடிகிறது. அதற்கு மேல் அந்தப் போன் பேச்சு வந்து நிற்கிறது. தாளில் இல்லாததை ஓர் ஆள் வாயால் சொன்னார். "சீட்டுலதான் லிட்டர் வருது" என்பது டேட்டா எங்கே பிறக்கிறது, எங்கே உருமாறுகிறது என்பதற்கான முழு விளக்கம். அதை ஒரு சப்ளையர் வரைபடமாகக் கொடுத்திருந்தால் பத்திரப்படுத்தியிருப்போம். தன் வேலைக்குப் பயந்து பேசுகிறவர் சொன்னதால் அது சமாதானம் போலக் கேட்டது.

பிழை பிடிபட்ட விதம் எளிமையானது, முதல் வாரத்திலேயே செய்திருக்கக்கூடியது. ஒரு மாதத்தின் நாட்களைப் புள்ளிகளாக வைத்தோம்: கிடைமட்டத்தில் எதிர்பார்த்த கிலோ, செங்குத்தில் எடைமேடைக் கிலோ. பால் அதிகம் வந்த நாளும் குறைந்த நாளும் ஒரே கோட்டில் உட்கார்ந்தன. கோட்டின் சரிவு 0.99, பூஜ்யத்தை ஒட்டித் தொடக்கம். கையால் எடுக்கிற பால் இப்படி விகிதம் பார்த்துப் போகாது. ஹோஸில் ஒட்டுகிற பால் நாளுக்கு ஒரே அளவாக இருக்கும், அப்போது கோடு கீழே நகருமே தவிர சரிவு மாறாது. திருட்டு என்றால் புள்ளிகள் சிதறும். எல்லா நாளும் ஒரே விகிதம் என்றால் எங்கோ ஒரு பெருக்கலோ வகுத்தலோ இருக்கிறது.

பிறகு ஒருவர் 20 கிலோ சோதனைக் கல்லோடு ஒன்பதில் ஒரு சென்டருக்குப் போனார். தராசு முகப்பில் 20.00. சீட்டில் 19.61 லிட்டர். புதிய பாக்ஸ் உள்ள ஊரில் அதே கல்லுக்கு 19.42. இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படம் இன்னும் அந்தக் கோப்புறையில் இருக்கிறது. மெல்லிய காகிதம், மை கொஞ்சம் வெளிறியது.

அதற்குள் அந்தப் பொறுப்பாளரின் சம்பளத்தில் ஒரு மாதப் பிடித்தம் ஆகிவிட்டது. அடுத்த மாதம் திருப்பிக் கொடுத்தார்கள். சூத்திரத்தைத் திருத்தினோம், சென்டர்வாரியாக வகுக்கும் எண் எது, எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு அட்டவணை சேர்த்தோம். பாக்ஸ் தயாரிப்பாளரிடம் சொல்லி அனுப்பும் கோப்பில் கிலோவையும் கேட்டு வாங்கினோம். சூடும் குளிரும் லிட்டரை மாற்றும், கிலோவை மாற்றாது. ஒப்பிடுவதென்றால் கிலோவோடு கிலோ.

நிறத்தை எடுத்துவிடலாமா என்றும் பேசினோம். வெறும் எண்ணாக விட்டால் யாரும் யாரையும் குற்றம் சொல்ல மாட்டார்கள் என்பது என் வாதம். ஆனால் அதே மாதம் வேறொரு ரூட் சிவப்பாகி, புள்ளிகள் சிதறிக் கிடந்தன: சில நாள் 0.1, சில நாள் 1.8. வண்டியின் ஜி.பி.எஸ்.ஸில் 1.8 வந்த நாட்களில் மட்டும் வழியில் ஒரே இடத்தில் நீண்ட நிறுத்தம். அங்கே சிவப்பு இல்லாவிட்டால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். எனவே சிவப்பு இருக்கிறது. 15 நாளுக்குக் குறைவான பதிவு உள்ள ரூட்டுக்கு நிறம் வராது, விகிதம் மாறாமல் இருந்தால் சாம்பல் நிறம், அதன் மேல் "அலகைச் சரிபார்க்கவும்" என்று ஒரு வரி. இந்த விதி சரியா என்று கேட்டால், பழைய தவறைப் பிடிக்கும், அடுத்த தவறைப் பிடிக்குமா என்பது சந்தேகம்தான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. திருத்தத்தைக் காட்டிய கூட்டத்தில், "அப்ப குறைவு பொய் இல்லையே?" என்று ஒருவர் கேட்டார். கேள்வியில் தப்பில்லை. பட்டுவாடா லிட்டருக்கு. பழைய பாக்ஸ் ஊர்களில் கிட்டத்தட்ட ஒரு சதவீதம் அதிக லிட்டருக்குப் பணம் போய்க்கொண்டிருந்தது. டிகிரி 28 என்றால் அடர்த்தி 1.028, 1.02 என்பது விவசாயி பக்கம் சாய்ந்த எண், 1.03 என்பது இம்மி அளவுக்குக் கம்பெனி பக்கம் சாய்ந்த எண். பால் காணாமல்போகவில்லை, பணம் போனது. அது நூற்றுக்கணக்கான சொம்புகளில் சில பத்து மில்லியாகப் பிரிந்து போனது. நாங்கள் அதைக் கூட்டி, ஒருவர் தலைமேல் முக்கால் கேனாக வைத்தோம்.

கூட்டத்தின் முடிவு, எல்லாப் பாக்ஸிலும் 1.03. எண்ணைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். 1.028 வைக்கலாம் என்று சொன்னதை, மற்ற ஊர்களையும் தொட வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை.

8 கிலோ ஊற்றுகிறவருக்கு 7.84 என்று வந்த சீட்டு மறுநாள் காலை 7.77 என்று வந்தது. ஏழு மணிக்கு முன்பே போன்.

"ஏனுங்க தம்பி, அதே சொம்பு, அதே மாடு, எப்படிக் கொறையுதுன்னு கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

"தராசு கிலோவுல சரியாத்தான் காட்டுதுன்னு சொல்லுங்கண்ணே. சீட்டுலதான்…" என்று தொடங்கினேன்.

"அதைத்தான நான் அன்னிக்கே உங்ககிட்டச் சொன்னனுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. பின்னால் கேன் மூடிகள் தட்டும் சத்தம் கேட்டது. வண்டி வந்துவிட்டது என்று வைத்துவிட்டார்.