மூன்றரை மணிக்கு வந்த மெசேஜ்

"இன்னிக்கு சிலம்பம் கிளாஸ் இல்லை." இந்த மாதம் இது மூன்றாவது முறை. மகளுக்குப் பள்ளி விடுவது 3.45க்கு. தொழிற்சாலையில் பச்சைத் தேயிலை லாரி வந்து எடை போடுகிற நேரம், நான் எப்படி விட்டுவிட்டு வருவது? வீட்டுக்காரருக்கு ஊட்டியில் வேலை. பஸ் உடனே கிடைத்தாலும் கோத்தகிரி வந்து சேர நேரமாகிவிடும்.

ஐப்பசி மழை, பனிமூட்டம். ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. தேயிலைத் தோட்டத்துப் பாதையில் காட்டுமாடு நிற்கும், கரடியும் வரும். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தனியாக நடந்து வா என்று சொல்ல முடியுமா?

பஸ் ஸ்டாண்ட் டீக்கடை அண்ணனுக்குத்தான் போன் செய்தேன். "நீங்க வேலையப் பாருங்கம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றார். ஆறு மணிக்குப் போனால், பாய்லர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருக்கிறார். ஈர ஸ்வெட்டர் பெஞ்சில் காய்கிறது. கணக்கு நோட்டில் பாதிப் பக்கம் முடித்திருந்தாள். சிலம்பக் கம்பை மட்டும் கையை விட்டு இறக்கவே இல்லை.

மாஸ்டர் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார், அதை மறுக்கவில்லை. மண் சரிந்தால் வர முடியாதுதான், சரி. ஆனால் காலையிலேயே சொன்னால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி வைப்பேன். நாளைக்கு நேரில் போய் இதைத்தான் கேட்கப் போகிறேன். வேலைக்குப் போகிற அம்மாக்கள் யாராவது கூட வர்றீங்களா?