சிஎம்டி முதல் நிலை: வால்யூம் பகுதியில் மார்க் எங்கே நழுவுகிறது

மக்களே, சிஎம்டி (சார்ட்டர்டு மார்க்கெட் டெக்னீஷியன், பங்குச் சந்தை சார்ட்டைப் படிப்பதற்கான தேர்வு) ரிசல்ட் வந்தாச்சு, பாஸ். இரண்டாம் தடவை என்பதால் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் கூடுதல். முதல் தடவை மார்க் போனது வால்யூமில், அதாவது கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையை வாசிக்கும் பகுதியில். "விலையும் ஏறி வால்யூமும் ஏறினால் பலம்" என்ற ஒற்றை வரியை மட்டும் வைத்துக்கொண்டு போனால் அப்படித்தான் ஆகும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமிருந்து அடுத்த தடவை எழுதப்போகிறவர்களுக்கு வால்யூம் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றப் பாடங்களைப் படித்தாலே போதும்.

எந்த வால்யூம் கருவியானாலும் முதல் கேள்வி ஒன்றே: இன்றைய விலையை இது எதோடு ஒப்பிடுகிறது? சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட இது முக்கியம்.

ஜோசப் கிரான்வில் 1963-ல் பரப்பிய ஓபிவி (ஆன் பேலன்ஸ் வால்யூம்), நேற்றைய குளோஸை, அதாவது முடிவு விலையைப் பார்க்கும். அதைவிட ஒரு பைசா மேலே முடிந்தாலும் அன்றைய மொத்த வால்யூமும் கூட்டல், கீழே முடிந்தால் மொத்தமும் கழித்தல், சமமென்றால் ஒன்றுமில்லை. மார்க் சைக்கின் என்பவரின் அக்யுமுலேஷன்-டிஸ்ட்ரிபியூஷன் கோடு நேற்றைத் திரும்பியே பார்க்காது. இன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் நடுவே குளோஸ் எங்கே விழுந்தது என்பதுதான் அதற்குக் கணக்கு. எம்எஃப்ஐ (மணி ஃப்ளோ இண்டெக்ஸ்) உச்சம், தாழ்வு, குளோஸ் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, அதை நேற்றையதோடு ஒப்பிடும்.

ஒரு நாளை எடுத்துக் கையால் போட்டுப் பாருங்கள். நேற்று உச்சம் 101, தாழ்வு 98, குளோஸ் 100. இன்று கேப்-அப் (நேற்றைய உச்சத்துக்கும் மேலே இடைவெளி விட்டுத் தொடக்கம்): உச்சம் 110, தாழ்வு 104, குளோஸ் 105, வால்யூம் 60,000. ஓபிவி 60,000 கூடும். சைக்கின் கணக்கில் (105−104) கழித்தல் (110−105) என்றால் −4. அதை வீச்சு 6-ஆல் வகுத்தால் −0.67. வால்யூமோடு பெருக்கினால் 40,000 குறையும். எம்எஃப்ஐ-யில் 99.67-லிருந்து 106.33, அதனால் பாசிட்டிவ். ஒரே நாள்தான், ஆனால் இரண்டு கருவி வாங்கு என்கிறது, ஒன்று விற்கிறார்கள் என்கிறது. இப்படிப் பத்து வரிசை போட்டு முடித்தவருக்கு இந்தக் கேள்விகள் இருபது வினாடி வேலை. 120 நிமிடத்தில் 132 கேள்வி, ஒன்றுக்கு 55 வினாடிகூட இல்லை. அங்கே உட்கார்ந்து யோசிக்கக் கட்டுப்படியாகாது.

சார்ட்டின் அடியில் வால்யூமைக் காட்டும் பாரின் நிறத்தை நம்பவே நம்பாதீர்கள். சில சார்ட்டில் பச்சை என்றால் ஓப்பனைவிடக் குளோஸ் மேலே, சிலவற்றில் நேற்றைய குளோஸைவிட மேலே. "பச்சை பார், வாங்கியவர்களின் வால்யூம்" என்று சொல்லித்தந்த வகுப்புக்குக் கட்டிய பணம் வீண். வாங்கியவர் எத்தனையோ விற்றவரும் அத்தனைதான்.

பரீட்சைக்கு முந்தின நாள் பார்க்க:
– ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் (நடுவில் உயர்ந்த தலை, இருபுறமும் தாழ்ந்த தோள் போன்ற விலை வடிவம்): பொதுவாக இடது தோளில் வால்யூம் அதிகம், வலது தோளில் குறைவு.
– மேல்நோக்கிய பிரேக்அவுட்டுக்கு (விலை தடையை உடைத்து ஏறுவதற்கு) வால்யூம் கட்டாயம். இறக்கம் தன் பாரத்திலேயே விழும்.
– ஃபிளாக் (வேகமான நகர்வுக்குப் பின் விலை சற்று ஓய்வெடுக்கும் வடிவம்) உருவாகும்போது வால்யூம் வற்ற வேண்டும்.
– விலை ஏறி ஓப்பன் இன்ட்ரஸ்ட் (இன்னும் முடிக்காத ஃபியூச்சர், ஆப்ஷன் ஒப்பந்தங்கள்) குறைந்தால் ஷார்ட் கவரிங், அதாவது இறங்கும் என்று விற்றவர்கள் திரும்ப வாங்குவது. விலை இறங்கி அது கூடினால் புது ஷார்ட்.
– ஈக்விவால்யூம் (ஒவ்வொரு நாளையும் பெட்டியாக வரையும் சார்ட்): பெட்டியின் அகலம்தான் வால்யூம்.

புத்தகத்தை மூடிவிட்டு நம்ம சந்தைக்கு வந்தால் வேறு சிக்கல்கள். முகூர்த்த நாளுக்கு முந்தின காலையில் தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூ விலை எகிறும். மழையால் வரத்தே இல்லையென்றால் கைமாறும் மூட்டை கொஞ்சம்தான், அதற்காக விலை பொய்யென்று ஆகிவிடாது. அப்பர் சர்க்யூட்டில் (ஒரு நாளில் ஏற அனுமதித்த உச்ச வரம்பில்) பூட்டிய பங்கும் அப்படித்தான். விற்க ஆளில்லாததால் வால்யூம் குறைவு, அதைப் பலவீனம் என்று வாசிக்கக் கூடாது. புத்தகத்தின் "வால்யூம் இல்லாத ஏற்றம்" என்ற எச்சரிக்கை அங்கே செல்லாது.

டிரேடு தேடும் முறை இது. முதலில் வாராந்திர சார்ட்டில் ஏற்றப் போக்கு இருக்க வேண்டும். தினசரியில் விலை ஒடுங்கி, வால்யூம் 20 நாள் சராசரிக்குக் கீழே வற்றியிருக்க வேண்டும். பிரேக்அவுட் நாளில் குறைந்தது ஒன்றரை மடங்கு வால்யூம், குளோஸ் அன்றைய வீச்சின் மேல் மூன்றில் ஒரு பங்கில். மாலையில் என்எஸ்இ வெளியிடும் டெலிவரி (அன்றே விற்றுவிடாமல் கணக்கில் எடுத்துக்கொண்ட பங்கு) எண்ணிக்கையையும் பாருங்கள். சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்: மொத்த வால்யூம் சுருங்கிய நாளிலும் சதவீதம் உயர்ந்து நிற்கும். அன்றே பாய வேண்டாம். அடுத்த சில நாளில் விலை பின்வாங்கும்போது வால்யூம் வற்றுகிறதா என்று பார்த்து, திரும்பும் நாளில் வாங்கலாம். ஸ்டாப்லாஸ் (நஷ்டத்தை நிறுத்தி வெளியேறும் விலை) அந்தப் பின்வாங்கலின் தாழ்வுக்குக் கீழே. கையிலுள்ள மூலதனம் 2 லட்சம், ஒரு டிரேடில் இழக்கச் சம்மதம் 1 சதவீதம், வாங்கும் விலைக்கும் ஸ்டாப்புக்கும் 8 ரூபாய் இடைவெளி என்றால் 2,000-ஐ 8-ஆல் வகுத்து 250 பங்கு. அவ்வளவுதான்.

காலை 9.15-க்குப் பிந்தின கால்மணி நேர வால்யூமை மதியத்தோடு ஒப்பிடாதீர்கள், நேற்றைய அதே கால்மணியோடு ஒப்பிடுங்கள். எக்ஸ்பைரி நாளையும் (ஃபியூச்சர், ஆப்ஷன் ஒப்பந்தம் முடியும் நாள்), மார்ச், செப்டம்பர் கடைசியில் நிஃப்டி பங்குகள் மாறும் நாளையும் சராசரியிலிருந்து கழித்துவிடுங்கள். தீபாவளி முகூர்த்த வர்த்தகம் ஒரு மணி நேரம்தான், அதைச் சேர்த்தால் சராசரி பொய்யாகக் குறையும். நிஃப்டி ஸ்பாட் சார்ட்டில் தெரியும் வால்யூம் குறியீட்டின் வியாபாரம் அல்ல, ஃபியூச்சர் வால்யூமைப் பாருங்கள். 1:1 போனஸ் வந்த பங்கில் பழைய விலையைப் பாதியாக்கிவிட்டு வால்யூமை இரட்டிப்பாக்காமல் விட்ட டேட்டாவும் உண்டு. அதை வைத்தால் போனஸுக்குப் பிறகு எல்லா நாளும் பிரேக்அவுட்டாகத்தான் தெரியும்.