நைனா பாலிஷ் போட்ட மான் தலை

எங்கள் கடை பழைய வண்ணாரப்பேட்டையில், ஆட்டோ திரும்ப முடியாத ஒரு சந்துக்குள் இருக்கிறது. பீரோ, கட்டில், சாய்வு நாற்காலி என்று எது வந்தாலும் பாலிஷ் போட்டுக் கொடுப்போம். நைனா ஐம்பது வருடம் பார்த்த வேலை. இப்போது தம்பி பார்க்கிறான், கணக்கு என் பொறுப்பு.

1986இல் நான் மூன்றாம் வகுப்பு. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டிலிருந்து கடைக்கு ஒரு மான் தலை வந்தது. வெளிமான். கேடயம் மாதிரி அறுத்த தேக்குப் பலகையில் கழுத்தோடு பதித்திருந்தார்கள். பலகையைக் கரையான் அரித்திருந்தது. அதைச் சரிசெய்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அரக்குப் பாலிஷ் கொடுக்க வேண்டும். பின்பக்கம், வேட்டையாடிய விலங்குகளைப் பதப்படுத்திக் கொடுத்த மைசூர் வான் இங்கன் கம்பெனியின் லேபிள் மங்கலாக ஒட்டியிருந்தது.

கொம்பு இரண்டும் முறுக்கிக்கொண்டு என் கையைவிட நீளமாக நின்றன. நைனா டீ குடிக்கப் போன நேரத்தில் அதன் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். பெயிண்ட் அடித்த சுவர் மாதிரி இருந்தது. திரும்பி வந்த நைனா அதைப் பார்த்துவிட்டு, என்னை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தார். "உள்ள வெறும் காகிதக் கூழும்மா. மேல இருக்கிற தோல்ல விஷம் தடவியிருப்பாங்க" என்றார். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் தோலுக்கு ஆர்சனிக் பூசுவது வழக்கம் என்று ரொம்ப நாள் கழித்துப் படித்தேன்.

கொடுத்தவர்கள் வாங்க வரவே இல்லை. வீட்டை விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். தலை எங்கள் கடைச் சுவரிலேயே தங்கிவிட்டது. ஆயுத பூஜையன்று அதற்கும் பொட்டு வைப்போம். அது எப்படிச் செத்தது என்று நாங்கள் யாரும் ஒரு நாள்கூட யோசித்ததில்லை. அதை எழுதும்போது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

2015 ஜூலையில்தான் யோசித்தேன். ஜிம்பாப்வேயில், ஹ்வாங்கே தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே, சிசில் என்ற பதின்மூன்று வயது ஆண் சிங்கத்தைக் கொன்ற செய்தி வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டிப் பல வருடம் கவனித்துவந்த சிங்கம். அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவர் சுமார் 50,000 டாலர் கொடுத்து வேட்டைக்கு வந்திருந்தார். முதல் அம்பு பட்டும் அது சாகவில்லை. பல மணி நேரம் காயத்தோடு கிடந்தது, பிறகுதான் கொன்றார்கள். தலையையும் தோலையும் எடுத்துக்கொண்டு மீதியை அங்கேயே போட்டுவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து அதன் மகன் சாண்டாவையும் இன்னொரு வேட்டைக்காரர் சுட்டார். அதன் கழுத்திலும் பட்டை இருந்தது.

செய்தியைக் கடையில் உட்கார்ந்துதான் படித்தேன். நிமிர்ந்தால் எதிரே மான் தலை. சிசிலின் தலையையும் இப்படித்தானே ஒரு பலகையில் பதிப்பார்கள் என்று தோன்றியது.

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். 1999இல் மூடப்பட்ட அந்த வான் இங்கன் கம்பெனி, தன் காலத்தில் 43,000க்கும் மேற்பட்ட புலி, சிறுத்தைகளைப் பதப்படுத்தியதாகக் கணக்கிடுகிறார்கள். வெளிமானைத் துரத்திப் பிடித்துத் தின்ற சிவிங்கிப்புலி (சீட்டா) அந்தக் காலத்திலேயே நம் நாட்டில் இல்லாமல் போனது. 1947இல் இன்றைய சத்தீஸ்கரில் இருந்த கொரியா சமஸ்தானத்து ராஜா ஒரே இரவில் மூன்றைச் சுட்டார். 1952இல் அந்த இனம் நாட்டில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள்.

வேட்டைக் கட்டணத்தால் காடும் கிராமமும் பிழைக்கின்றன என்று சொல்பவர்கள் உண்டு. நமீபியாவில் கிராமங்களுக்கு அந்தப் பணம் போவது உண்மைதான். யானை வந்து பயிரை மிதிக்கும் ஊரில் இருப்பவரிடம் போய், அந்த வருமானம் உனக்கு வேண்டாம் என்று இங்கிருந்து சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வேட்டைக்கு வருகிறவர் நோஞ்சான் விலங்கைத் தேடுவதில்லை. பெரிய பிடரி, நீளமான கொம்பு, கனத்த தந்தம்தான் அவருக்கு வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டாவில், ராம் மலையில், பெரிய கொம்புள்ள காட்டுச் செம்மறிக் கடாக்களையே முப்பது வருடம் சுட்டுவந்ததில், அடுத்தடுத்த தலைமுறைக்குக் கொம்பே சிறுத்துவிட்டது என்று 2003இல் ஆய்வு வெளியானது. நல்ல விதையை எல்லாம் தின்றுவிட்டுப் பதரை விதைக்கிற கதை அது. கென்யா 1977இலேயே வேட்டையை நிறுத்திவிட்டது. போட்ஸ்வானா 2014இல் நிறுத்தி 2019இல் மறுபடி திறந்துவிட்டது. அதைப் படித்த அன்று வேலையே ஓடவில்லை.

அந்த வருடமே என் பெண்ணைக் கூட்டிக்கொண்டு, பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறிக் கிண்டிப் பூங்காவுக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் வெளிமான் நின்றது. மூக்கு ஈரமாக, ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. கூட வந்தவர்கள் கொம்பைக் காட்டிப் பேசினார்கள். நான் மூக்கையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன கார்த்திகையில் ஒருவர் கடைக்கு வந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டுக்கு அலங்கார வேலை எடுத்திருக்கிறாராம். "மேடம், எழுபதாயிரம் தர்றேன், பில் வேணாம்" என்றார். தம்பிக்கு கம்ப்ரஸர் வாங்கிய கடன் பாக்கி இருந்தது.

"அக்கா, எப்பவோ செத்த மான். இனிமே யாருக்கு இன்னா நஷ்டம்?" என்றான்.

நியாயமான கேள்விதான். நான் சொன்னேன்: "இது எழுபதாயிரத்துக்குப் போச்சுன்னா அடுத்த ரிசார்ட்காரன் இன்னொண்ணு கேப்பான். பழைய தலை தீர்ந்துபோனா புதுசுக்கு எங்கடா போவாங்க?"

சட்டத்தையும் சொன்னேன். 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. உரிமைச் சான்றிதழ் இல்லாமல் இப்படி ஒரு தலையை வைத்திருப்பதே குற்றம். சான்றிதழ் இருந்தாலும் விற்கக் கூடாது. 2003இல் எல்லோருக்கும் 180 நாள் அவகாசம் கொடுத்து அறிவிக்கச் சொன்னார்கள். அப்போது எங்களுக்கு அது தெரியவே தெரியாது.

தம்பி பேசாமல் இருந்தான். மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நைனாதான் முடித்துவைத்தார். "அது நம்ம சாமான் இல்லடா. பாலிஷுக்கு வந்தது. உரியவங்க கையில குட்த்துடணும்."

உரியவர் என்று ராயபுரத்து வீட்டுக்காரரை அவர் சொல்லவில்லை.

ஒரு வக்கீலிடம் கேட்டு, நடந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி, தலையைப் பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் வனத்துறை அலுவலகத்துக்கு எடுத்துப் போனோம். நிறையக் கேள்வி கேட்டார்கள், எழுதி வாங்கினார்கள். கிளம்புவதற்கு முன் நைனா அந்தப் பலகையைத் துணியால் ஒரு தடவை துடைத்தார். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் போட்ட பாலிஷ் இன்னும் மங்கவில்லை.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் இப்படித் தலைகளும் தோல்களும் இருக்கின்றன. பரணில் போட்டு மறந்திருப்பார்கள். உங்கள் வீட்டில் இருந்து, ஒப்படைக்கப் பயமாக இருந்தால் கடைக்கு வாருங்கள். முதலில் அந்த வக்கீலிடம் போவோம். அப்புறம் அலுவலகம் வரை நானும் கூட வருகிறேன்.