ஆய்வேட்டுப் பருவம்: ஒரு நெறியாளரின் நாட்குறிப்பு

டிசம்பர் 9, 2024, திங்கள்

முதுகலை உளவியல் இறுதிப் பருவத்து ஆய்வேடுகளுக்கான தலைப்புகள் இன்று முடிவாயின. மாணவி ஒருவர் "தூக்கமும் மனநலமும்" என்று எழுதிக் கொண்டுவந்தார். அது ஒரு துறையின் பெயராக இருக்கலாம். ஆய்வுக் கேள்வியாக இருக்க முடியாது. "யாருடைய தூக்கம்? எதைக் கொண்டு அளப்பாய்? அளந்ததை எதோடு வைத்துப் பார்ப்பாய்?" என்று விடாமல் கேட்டதில், விடுதி மாணவியரின் தூக்கத் தரத்துக்கும் கவனக் கட்டுப்பாட்டுக்கும் தொடர்பு உண்டா என்ற ஒற்றைக் கேள்விக்கு மாலையில் வந்து சேர்ந்தோம்.

தூக்கத்துக்கு 1989இல் வெளியான பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவை. 0 முதல் 21 வரை மதிப்பெண், 5ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று பொருள். கவனத்துக்கு ஸ்ட்ரூப் சோதனை. 'சிவப்பு' என்ற சொல்லை நீல நிறத்தில் எழுதிக் காட்டி, நிறத்தை மட்டும் சொல்லச் சொன்னால் பதில் தாமதமாகும். அந்தத் தாமதத்தைத்தான் அளக்கிறோம். 1935இல் வெளியான அந்தப் புகழ்பெற்ற கட்டுரை, ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் நாஷ்வில் நகரில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஆய்வேடு என்று சொன்னபோது மாணவியின் முகம் மலர்ந்தது. மாணவர் ஆய்வு என்றால் சடங்கு என்ற எண்ணம் முதலில் போக வேண்டும்.

ஜனவரி 10, 2025, வெள்ளி

விடுதிக் காப்பாளர், தாம் ஒரு வார்த்தை சொன்னால் எல்லா மாணவியரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று அன்போடு முன்வந்திருக்கிறார். நன்றி சொல்லி மறுத்துவிடும்படி கூறினேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், அதிகாரப் படிநிலையில் கீழே இருப்பவர்களின் சம்மதத்தில் தனிக் கவனம் வேண்டும் என்கின்றன. மாணவர்களும் அதில் அடங்குவர். காப்பாளர் அழைத்து வந்த பெண் ஒப்புதல் படிவத்தில் போடும் கையெழுத்தை மனமுவந்த சம்மதம் என்று என்னால் ஏற்க இயலாது. அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் போதும். பெயருக்குப் பதில் எண். பாதியில் எழுந்து போகலாம் என்பதை வாய்விட்டும் சொல்ல வேண்டும்.

தரவு திரட்டலைப் பிப்ரவரி கடைசி வாரத்துக்குத் தள்ளிவைத்தோம். பிட்ஸ்பர்க் அளவை கடந்த ஒரு மாதத் தூக்கத்தைக் கேட்கிறது. பொங்கலுக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கிய நாட்கள் அந்த மாதத்துக்குள் விழுந்தால், நாம் அளப்பது விடுதித் தூக்கமாக இருக்காது.

பிப்ரவரி 12, 2025, புதன்

முதலாண்டு இளங்கலை செய்முறைப் பதிவேடுகளைத் திருத்தினேன். முல்லர்-லயர் பிழைத்தோற்றம் (சம நீளக் கோடுகள் அம்பு முனைகளால் நீளம் வேறுபட்டுத் தெரிவது), கண்ணாடி பார்த்து வரைதல், எல்லாவற்றிலும் எல்லோருக்கும் பாடநூல் சொன்ன முடிவே வந்திருக்கிறது. இதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. முடிவு முன்பே தெரிந்த ஒன்று, அளவீடு அதற்கு ஒத்துவர வேண்டும் என்ற பழக்கத்தை முதல் ஆண்டிலேயே நாம் ஊட்டிவிட்டு, முதுகலைக்கு வந்த பிறகு நேர்மையான ஆய்வை எதிர்பார்க்கிறோம்.

மார்ச் 6, 2025, வியாழன்

தூக்க ஆய்வு மாணவி கலங்கிய கண்களோடு வந்தார். நடுத்தர அளவிலான தொடர்பு ஒன்று இருந்தால் அதைக் கண்டறிய ஏறக்குறைய 85 பேர் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டிருந்தோம். அதற்கு மேலேயே ஆட்கள் கிடைத்தும் இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு சுழியை ஒட்டி நிற்கிறது. "மேடம், கருதுகோள் தப்பாகிவிட்டது. மிக மெதுவாகச் செய்த சிலரை நீக்கினால் சரியாக வரும் என்று சீனியர் அக்கா சொன்னார்கள்."

யாரை எக்காரணத்துக்காக நீக்குவது என்பது தரவைப் பார்ப்பதற்கு முன் எழுதிவைக்க வேண்டிய விதி. முடிவைப் பார்த்த பின் எழுதினால் அது விதியாகாது. 2015இல், முன்னணி இதழ்களில் வெளியான உளவியல் ஆய்வுகள் 100ஐ ஒரு பெருங்குழு மறுபடி செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் முக்கியத்துவமுள்ள (தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத) முடிவு தந்திருக்க, மறு ஆய்வுகளில் 36 விழுக்காடு மட்டுமே அவ்வாறு தந்தன. அந்த இடைவெளிக்கு இத்தகைய 'சிலரை நீக்கும்' வழக்கமும் ஒரு காரணம் என்று விளக்கி, ஒருவரையும் நீக்காமல் எழுதச் சொன்னேன்.

மார்ச் 19, 2025, புதன்

இன்றைய சந்திப்பு இந்தப் பருவத்திலேயே எனக்கு மிகவும் நிறைவு தந்தது. ஸ்ட்ரூப் விளைவு ஏறத்தாழ எல்லாப் பங்கேற்பாளர்களிடமும் தெளிவாகத் தெரிகிறது. பிறகு ஏன் தூக்கத்தோடு ஒட்டவில்லை? ஒற்றைப்படை, இரட்டைப்படை முயற்சிகளைப் பிரித்து, இரு பாதிகளும் ஒவ்வொருவரையும் ஒரே மாதிரி மதிப்பிடுகின்றனவா என்ற நம்பகத்தன்மையைக் கணக்கிடச் சொல்லியிருந்தேன். அது மிகக் குறைவு. காரணத்தைப் பலகையில் வரைந்து பார்த்தோம். வேகமாகப் பதில் சொல்பவர் எளிய சொற்களிலும் முரண்பட்ட சொற்களிலும் வேகமாகவே இருக்கிறார். ஆகவே ஒரு நேரத்திலிருந்து மற்றதைக் கழிக்கும்போது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு பெரும்பகுதி கழிந்துபோய், அளவீட்டுப் பிழை தங்கிவிடுகிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி நேர்வதால்தான் அது உறுதியான விளைவு. அதே காரணத்தால் ஆட்களைப் பிரித்துக்காட்ட உதவாது. இந்த முரணைப் பற்றி ஹெட்ஜ் குழுவினர் 2018இல் எழுதிய கட்டுரையைப் படிக்கக் கொடுத்தேன்.

நம்பகமற்ற அளவீடு தொடர்பைச் சிறிதாக்கிக் காட்டும் என்று ஆங்கிலேய உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மன் 1904இலேயே எழுதிவிட்டார். லண்டனில் அவரிடம் பயின்ற எம்.வி. கோபாலசாமிதான் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் 1924இல் தொடங்கிய உளவியல் துறையை வளர்த்தவர். நம் மண்ணுக்கு இது புதிய பாடமன்று.

ஏப்ரல் 11, 2025, வெள்ளி

வாய்மொழித் தேர்வு முடிந்தது. "தூக்கத்துக்கும் கவனத்துக்கும் தொடர்பில்லை என்கிறீர்களா?" என்று வெளித்தேர்வாளர் கேட்டார். "அப்படிச் சொல்ல என்னால் முடியாது, இந்தக் கருவியால் அதைப் பார்க்க முடியவில்லை என்பது வரைதான் என் தரவு சொல்கிறது" என்றார் மாணவி. தேர்வாளர் அடுத்த கேள்வியாக அந்த நம்பகத்தன்மை அட்டவணையை எடுத்துக்கொண்டு நெடுநேரம் பேசினார்.

வரும் ஆண்டு முதலாண்டுச் செய்முறையில், அளந்த கணமே எழுதிய தாளைத் திருத்தமின்றிப் பதிவேட்டோடு இணைக்க வேண்டும், மதிப்பெண் அதற்குத்தான் என்று துறைக் கூட்டத்தில் முன்மொழியக் குறிப்பு எழுதியிருக்கிறேன்.